பாலை தந்த பொன்

உரைநடை உலகம்

நுழையும்முன்

பொருள்களின் வரலாறு என்பது அவற்றைப் படைத்த மனிதர்களின் வரலாறே. அருங்காட்சியகத்தின் கண்ணாடிப் பேழைக்குள் ஒளிரும் ஓர் அணிகலன், அதை அணிந்தவரின் பெருமையை மட்டுமே முதலில் பேசுகிறது. அதன் உலோகம் எந்த மலையில் பிறந்தது, எவர் கைகளால் வெட்டப்பட்டது, எதனோடு கலக்கப்பட்டது என்று வினவத் தொடங்கினால், அரசர்களின் வரலாற்றோடு உழைத்தவர்களின் வரலாறும் புலப்படும். பழங்கால எகிப்தின் பொன், வெள்ளி, இரும்பு ஆகியவற்றை முன்வைத்து அத்தகைய வினாக்களை எழுப்புகிறது இப்பாடம்.

எகிப்தின் தலைநகரான கெய்ரோவுக்கு வருவோர் பெரிதும் விரும்பிக் காணும் பொருள்களுள் ஒன்று, இளம் வயதிலேயே மறைந்த அரசன் துட்டன்காமனின் பொன் முகமூடி. 1922ஆம் ஆண்டு ஹோவர்டு கார்ட்டர் என்னும் ஆங்கிலேய அகழாய்வாளர் அரசர்களின் பள்ளத்தாக்கில் கண்டறிந்த கல்லறைக்குள் அது இருந்தது. ஏறத்தாழ 54 செ.மீ. உயரமும் 10 கிலோகிராமுக்கும் மேற்பட்ட எடையும் உடையது. அம்மன்னனின் உடலைத் தாங்கியிருந்த மூன்று பிணப்பேழைகளுள் உட்பேழை முழுவதும் பொன்னாலானது. அதன் எடை ஏறத்தாழ 110 கிலோகிராம். குறுகிய காலமே ஆட்சி செய்த ஓர் இளைஞனின் கல்லறையிலேயே இத்தனை பொன் இருந்ததெனில், அந்நாட்டின் பொன் எங்கிருந்து வந்தது? அது எத்தகைய பொன்? இவ்விரு வினாக்களுக்கும் விடை தேடும் முயற்சி, பாறையியலையும் வேதியியலையும் கல்வெட்டியலையும் ஒன்றாகப் பிணைக்கிறது.

பொன்னும் ஞாயிறும்

பழங்கால எகிப்தியர் பொன்னை ‘நெபு’ என்று அழைத்தனர். அவர்தம் பட எழுத்தில் அச்சொல்லைக் குறிக்க, மணிகள் தொங்கும் கழுத்தணி ஒன்றை வரைந்தனர். நைல் ஆற்றின் மேற்குக் கரையில் இருந்த நகாடா என்னும் தொன்மையான ஊர் அக்காலத்தில் ‘நுப்த்’ எனப்பட்டது. பொன்னூர் என்பது அதன் பொருள். அவ்வூருக்கு எதிர்க்கரையில் இருந்த கோப்டோஸ் நகரிலிருந்தே கீழைப் பாலையின் பொன்மலைகளுக்குச் செல்லும் வழி தொடங்கியது.

துருப்பிடிக்காமலும் நிறம் மங்காமலும் இருக்கும் இயல்பால் பொன், அழிவின்மையின் அடையாளமாகக் கருதப்பட்டது. ஞாயிற்றுக் கடவுளான ‘ரா’வின் தசை பொன்னாலும், எலும்பு வெள்ளியாலும், தலைமுடி நீலக்கல்லாலும் ஆனவை என்பது அவர்களின் நம்பிக்கை. இறந்த மன்னன் கடவுளரோடு சேர்கிறான் என்றும் நம்பினர். எனவே அவன் உடலைப் பொன்னால் மூடியது செல்வச் செருக்கால் மட்டும் நிகழ்ந்ததன்று; அது சமயக் கடமையாகவும் இருந்தது.

பொன் வாழ்வோருக்குரிய சிறப்பாகவும் விளங்கியது. போரில் வீரம் காட்டியோருக்கு அரசன் பொன் அணிகளைப் பரிசளித்தான். எல்-காப் என்னும் ஊரில் உள்ள தன் கல்லறைச் சுவரில், அபானாவின் மகனான அக்மோஸ் என்னும் படைவீரன், தான் ஏழு முறை பொன் பெற்றதைப் பெருமையுடன் பதிவு செய்துள்ளான்.

தெரியுமா?

எகிப்திய மொழியில் வெள்ளியைக் குறிக்கும் சொல் ‘ஹெட்ஜ்’. அதன் பொருள் வெண்மை என்பதாகும். தமிழிலும் வெள்ளி என்னும் பெயர் ‘வெள்’ என்னும் நிறப் பெயரடியாகவே பிறந்தது. பொன் என்னும் சொல் பழந்தமிழில் உலோகங்களுக்கான பொதுப்பெயராகவும் வழங்கியது. அதனால் வெள்ளியை வெண்பொன் என்றும் இரும்பைக் கரும்பொன் என்றும் குறித்தனர். ஒன்றோடொன்று தொடர்பற்ற இரு மொழியினர், உலோகத்திற்குப் பெயரிடும்போது அதன் நிறத்தையே முதலில் நோக்கினர் என்பது எண்ணத்தக்கது.

பொன் பிறந்த மலைகள்

எகிப்தின் வேளாண்மை நைலின் கரைகளில் விளைந்தது. பொன்னோ, நைலுக்கும் செங்கடலுக்கும் இடைப்பட்ட கீழைப் பாலையின் வறண்ட மலைகளில் கிடைத்தது. மிகப் பழைய பாறைகளின் வெடிப்புகளில் வெண்ணிறப் படிகக்கல் நரம்புகள் ஓடுகின்றன. அப்படிகக்கல்லில் கண்ணுக்குப் புலப்படும் துகள்களாகவும் புலப்படாத நுண்துகள்களாகவும் பொன் பதிந்துள்ளது. பாறை சிதைந்து, எப்போதோ பெய்யும் மழையால் அடித்துச் செல்லப்படும்போது, பொன்துகள்கள் காட்டாற்றுப் படுகைகளின் மணலில் தங்கிவிடுகின்றன. எனவே பொன்னைப் பெற இரு வழிகள் இருந்தன. ஒன்று, ஆற்றுமணலை அரித்தெடுத்தல். மற்றொன்று, படிகக்கல் நரம்பைத் தொடர்ந்து மலையைக் குடைதல்.

எகிப்தியர் தம் பொன்னை அது வந்த நிலத்தின் பெயராலேயே வகைப்படுத்தினர். கோப்டோஸ் வழியாக வந்தது கோப்டோஸ் பொன். கீழ் நூபியாவிலிருந்து வந்தது வவாத் பொன். அதற்கும் தெற்கே இருந்து வந்தது கூஷ் பொன். இன்றைய எகிப்தின் தென்பகுதியும் சூடானின் வடபகுதியும் சேர்ந்ததே பண்டைய நூபியா. மூன்றாம் துத்மோஸ் என்னும் மன்னன் கர்னாக் கோவிலில் பொறித்த ஆண்டுக்குறிப்புகளின்படி, அவனது 41ஆம் ஆட்சியாண்டில் வவாத்திலிருந்து வந்த பொன்னின் அளவு 3,144 டெபென். அக்கால டெபென் ஒன்று ஏறத்தாழ 91 கிராம் எனக் கொண்டால், அது 286 கிலோகிராம் ஆகும். நூபியாவின் மீது எகிப்திய அரசர்கள் மீண்டும் மீண்டும் படையெடுத்ததற்கும், ஆற்றங்கரையில் கோட்டைகள் கட்டியதற்கும் உரிய காரணங்களுள் ஒன்று இவ்வெண்ணிலேயே அடங்கியுள்ளது.

நூபிய மக்களும் தமக்குரிய பொன்தொழிலைக் கொண்டிருந்தனர். சூடானில் நைலின் நான்காம் அருவிப் பகுதியில் உள்ள ஹோஷ் எல்-குரூஃப் என்னுமிடத்தில், சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2007ஆம் ஆண்டில் ஐம்பதுக்கும் மேற்பட்ட அரைவைக் கற்களைக் கண்டறிந்தனர். அவை பொன்கலந்த கல்லை அரைக்கப் பயன்பட்டவை. பின்னர் மெரோவே அணையின் நீர் அப்பகுதியை மூழ்கடித்துவிட்டது.

பொன்மலைகளுக்குச் செல்லும் வழியைக் காட்டும் வரைபடம் ஒன்றும் கிடைத்துள்ளது. நான்காம் ராம்சேஸ் காலத்தில், அதாவது பொ.ஆ.மு. 1150ஐ ஒட்டி, அமென்நாக்த் என்னும் எழுத்தர் பாப்பிரஸ் தாளில் அதை வரைந்தார். தற்போது இத்தாலியின் துரின் நகர அருங்காட்சியகத்தில் உள்ளது. வாதி ஹம்மாமாத் என்னும் பள்ளத்தாக்கின் ஏறத்தாழ 15 கி.மீ. தொலைவை அது காட்டுகிறது. கல்வெட்டும் இடம், பொன் கிடைக்கும் மலைகள், தொழிலாளர் குடியிருப்பு, கிணறு, பாதைகள் ஆகியன அதில் குறிக்கப்பட்டுள்ளன. மலைகள் அவற்றின் பாறை வகைக்கேற்ப வேறுவேறு நிறங்களில் தீட்டப்பட்டிருப்பதால், உலகின் மிகப் பழைய நிலவியல் வரைபடமாக அதனை அறிஞர்கள் போற்றுகின்றனர்.

நீரின்றிப் பொன் இல்லை

பாலையில் பொன்னைக் காட்டிலும் அரியது நீர். பொன்மண்ணை அரிக்கவும் நீர் வேண்டும். அரிப்பவர் உயிர் வாழவும் நீர் வேண்டும். முதலாம் சேத்தி என்னும் மன்னன் தன் 9ஆம் ஆட்சியாண்டில், எட்ஃபூ நகருக்குக் கிழக்கே உள்ள பாலைவழியில் கிணறு ஒன்றைத் தோண்டச் செய்தான். அதனருகே பாறையைக் குடைந்து கோவிலும் எடுப்பித்தான். கனாயிஸ் என்று இன்று வழங்கும் அவ்விடத்தின் கல்வெட்டு, பொன்னுக்குச் செல்வோரின் தாகத்தைத் தீர்க்கவே கிணறு தோண்டப்பட்டதைத் தெரிவிக்கிறது.

எல்லா முயற்சிகளும் வெற்றி பெறவில்லை. நூபியாவின் குபான் என்னுமிடத்தில் கிடைத்த நடுகல் ஒன்று, இரண்டாம் ராம்சேசின் மூன்றாம் ஆட்சியாண்டில் பொறிக்கப்பட்டது. இன்று பிரான்சு நாட்டின் கிரெனோபிள் நகரில் உள்ளது. அகுயாதி நாட்டில் பொன் மிகுதியாக இருந்தும், அங்குச் செல்லும் பொன் அரிப்போருள் பாதிப் பேரே உயிருடன் போய்ச் சேர்கின்றனர் என்றும், எஞ்சியோர் தம் கழுதைகளோடு வழியிலேயே தாகத்தால் மடிகின்றனர் என்றும் அக்கல் கூறுகிறது. சேத்தி அங்கு 120 முழம், அதாவது ஏறத்தாழ 63 மீட்டர் ஆழம் தோண்டியும் நீர் காணவில்லை. ராம்சேசின் ஆணைப்படி வேறிடத்தில் தோண்டியபோது 12 முழத்திலேயே நீர் ஊறியதாம்.

மன்னனின் புகழைப் பாடவே அக்கல் நடப்பட்டது. ஆயினும் அப்புகழுரைக்கு நடுவே, பெயரறியாத தொழிலாளர் பலரின் இறப்பு, சான்றாகப் பதிந்துவிட்டது. கல்வெட்டைப் படிப்போர், அது சொல்ல வந்ததை மட்டுமன்றி, சொல்லிச் சென்றதையும் கவனித்தல் வேண்டும் என்பதற்கு இது தக்க எடுத்துக்காட்டு.

மலையிலிருந்து மூசைக்கு

கல்லுக்குள் இருக்கும் பொன்னைப் பிரிக்கும் முறையை விரிவாக எழுதிவைத்தவர், பொ.ஆ.மு. 2ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கினிடோஸ் ஊர் அகதார்க்கிடிஸ் என்னும் கிரேக்கர். அவர் நூல் முழுமையாகக் கிடைக்கவில்லை. பின்வந்த டியோடோரஸ் என்னும் வரலாற்றாசிரியர் அதிலிருந்து எடுத்து எழுதியதால் இச்செய்திகள் இன்று கிடைக்கின்றன. எகிப்தைக் கிரேக்க வழிவந்த தாலமி மரபினர் ஆண்ட காலம் அது.

அவர் தரும் செய்தியின் சுருக்கம் வருமாறு: கடினமான பாறையின்மீது தீ மூட்டி, அது வெடித்து இளகியபின் இரும்புக் கருவிகளால் உடைத்தனர். தொழிலாளர் தம் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருண்ட சுரங்கத்தில் நுழைந்தனர். சிறுவர்கள் குறுகிய பொந்துகளுக்குள் ஊர்ந்து சென்று, உடைந்த கற்களைப் பொறுக்கி வெளியே கொணர்ந்தனர். வலிமையுள்ளோர் கல்லுரலில் இரும்புலக்கையால் அவற்றை இடித்தனர். பெண்களும் முதியோரும் இடித்த கல்லைத் திரிகையில் இட்டு மாவாக அரைத்தனர். அம்மாவைச் சாய்வான பலகையில் பரப்பி நீர் ஊற்றித் தேய்த்தபோது, எடை குறைந்த கல்மாவு நீரோடு ஓட, எடை மிகுந்த பொன்துகள் பலகையில் தங்கியது.

இச்செயலின் அடிப்படை எளியது. படிகக்கல்லின் அடர்த்தி நீரைப்போல் ஏறத்தாழ இரண்டரை மடங்கு. பொன்னின் அடர்த்தியோ நீரைப்போல் பத்தொன்பது மடங்குக்கும் மேல். எனவே ஓடும் நீர் கல்லைக் கொண்டு செல்லும். பொன்னை விட்டுச் செல்லும். அரிசி களைகையில் கல் அடியில் தங்குவதும் இதே முறையில்தான்.

அவ்வாறு கிடைத்த பொன்துகளை மண்கலத்தில் இட்டு, அதனுடன் ஈயம், உப்பு, சிறிது வெள்ளீயம், வாற்கோதுமைத் தவிடு ஆகியவற்றைச் சேர்த்து, வாயைச் சேற்றால் மூடி, ஐந்து பகலும் ஐந்து இரவும் உலையில் வைத்தனர். கலத்தைத் திறக்கும்போது தூய பொன் மட்டுமே எஞ்சியிருக்கும் என்று அகதார்க்கிடிஸ் குறித்துள்ளார். ஈயம் செம்பு முதலிய கலப்புகளை நீக்க உதவும். உப்பு வெள்ளியைப் பிரித்தெடுக்கும்.

சுரங்கத்தில் உழைத்தோர் போர்க்கைதிகளும் தண்டனை பெற்றோரும் அவர்தம் குடும்பத்தினருமே என்றும், அவர்களுக்கு ஓய்வோ விடுதலையோ இல்லை என்றும் அவர் எழுதினார். இதனை மிகைக்கூற்று எனக் கருதியோரும் உண்டு. கீழைப் பாலையின் கோசா என்னுமிடத்தில், தாலமி காலப் பொன்சுரங்கக் குடியிருப்பை அகழ்ந்த பிரெஞ்சு ஆய்வாளர்கள், அங்கே இரும்புக் கால்விலங்குகளைக் கண்டெடுத்தனர். அதே இடத்தில் கிடைத்த எழுத்துள்ள பானை ஓடுகளிலிருந்து, கூலி பெற்று உழைத்தோரும் இருந்தமை தெரிகிறது. ஆகவே, அனைவரும் அடிமைகள் என்பதும் முழுமையன்று. எவரும் அடிமையாக இல்லை என்பதும் உண்மையன்று.

தூய பொன் என்பது உண்டா?

இயற்கையில் கிடைக்கும் பொன் தனித்து இருப்பதில்லை. வெள்ளி எப்போதும் அதனுடன் கலந்தே கிடைக்கும். சிறிதளவு செம்பும் இருக்கும். எகிப்தியப் பொன்பொருள்களை ஆராய்ந்தபோது, அவற்றில் வெள்ளியின் அளவு நூற்றுக்கு ஐந்து பங்கு முதல் முப்பது பங்குக்கும் மேலாக வேறுபடுவது தெரியவந்தது. வெள்ளி மிகுந்தால் பொன்னின் மஞ்சள் வெளுக்கும். செம்பு மிகுந்தால் சிவக்கும். வெள்ளி ஐந்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ இருக்கும் பொன்னை ‘எலக்ட்ரம்’ என்பர். உரோம எழுத்தாளர் பிளினியும் இதே அளவைக் கூறியுள்ளார். இளமஞ்சள் நிறமுடைய இவ்வுலோகத்தை எகிப்தியர் பெரிதும் விரும்பினர். கோவில் வாயில்களில் நிறுத்திய ஒற்றைக்கல் தூண்களின் கூர்முனையை அதன் தகட்டால் போர்த்தினர். விடியலில் கதிரவனின் முதல் ஒளி அம்முனையில் பட்டு மின்னும்.

பொன்னிலிருந்து வெள்ளியை உப்பின் துணையால் பிரிக்கும் முறைக்கு உறுதியான தொல்லியல் சான்று, இன்றைய துருக்கியில் உள்ள சார்டிஸ் நகரில் கிடைத்துள்ளது. அதன் காலம் பொ.ஆ.மு. 6ஆம் நூற்றாண்டு. அதற்கு முந்தைய எகிப்தியப் பொற்கொல்லர், பெரும்பாலும் மலை தந்த கலவையை அப்படியே பயன்படுத்தினர் என்று கருதப்படுகிறது. எனவே ஓர் அணிகலனில் உள்ள வெள்ளியின் அளவு, அப்பொன் பிறந்த இடத்தைப் பற்றிய குறிப்பாகவும் அமையலாம்.

மற்றொரு குறிப்பும் உண்டு. பல எகிப்தியப் பொன்பொருள்களின் மேற்பரப்பில் வெண்ணிறக் கடும்புள்ளிகள் காணப்படுகின்றன. அவை ஆஸ்மியம், இரிடியம், ருத்தேனியம் ஆகிய உலோகங்களின் கலவை. பொன் உருகும் 1,064 பாகை வெப்பத்திலும் அவை உருகுவதில்லை. அடர்த்தி மிகுந்தவையாதலால், மணலை அரிக்கும்போது பொன்னோடு சேர்ந்தே தங்கிவிடும். ஆகவே, அப்புள்ளிகளைக் கொண்ட பொன், சுரங்கத்தில் வெட்டியதன்று. ஆற்றுமணலில் அரித்தெடுத்தது என்று உய்த்துணரலாம். பொற்கொல்லருக்குக் குறையாகத் தோன்றியது, ஆய்வாளருக்குச் சான்றாகிறது.

துட்டன்காமனின் முகமூடி முழுவதும் ஒரே மாற்றுடைய பொன்னால் செய்யப்பட்டதன்று. அதன் உட்பகுதி ஏறத்தாழ 23 காரட் தரமுடையது. தலைப்பாகையின் மேற்பரப்பு 22.5 காரட், முகம், கழுத்து ஆகியவற்றின் மேற்பரப்பு 18.4 காரட். 24 காரட் என்பதே முழுத்தூய பொன். முகத்தில் வெள்ளி மிகுந்த மெல்லிய பூச்சு இருப்பதால், அது தலைப்பாகையைக் காட்டிலும் வெளுத்துத் தோன்றுகிறது. தோலின் நிறத்தையும் துணியின் நிறத்தையும் வேறுபடுத்திக் காட்ட, பொன்னின் கலவையையே வண்ணமாகக் கையாண்டனர் அக்கால வினைஞர்.

தெரியுமா?

துட்டன்காமனின் கல்லறையில் ஊதா கலந்த செந்நிறமுடைய சிறு பொன் தகடுகள் கிடைத்தன. இந்நிறம் எவ்வாறு தோன்றியது என்பதை 1930களில் ஆராய்ந்த அமெரிக்க இயற்பியலறிஞர் ராபர்ட் வுட், பொன்னில் மிகச்சிறிதளவு இரும்பைக் கலந்து சூடேற்றி, அதே நிறத்தைத் தம் ஆய்வகத்தில் உருவாக்கிக் காட்டினார்.

கடல் கடந்து வந்த வெள்ளி

எகிப்தில் பொன்மலைகள் பல இருந்தன. வெள்ளிச் சுரங்கம் என்று சொல்லத்தக்கது இல்லை. அதனால் தொடக்க காலத்தில் வெள்ளி பொன்னினும் அரிதாக மதிக்கப்பட்டது. பழைய பட்டியல்களில் பொன்னுக்கு முன்னரே வெள்ளி எழுதப்பட்டது. வணிகம் பெருகி வெள்ளி மிகுதியாக வந்தபின் நிலை மாறியது. புதிய அரசுக் காலத்தில் வெள்ளியின் மதிப்பு பொன்னின் மதிப்பில் பாதியாக இருந்தது.

இவ்வெள்ளி எங்கிருந்து வந்தது என்பதற்கு, ஓர் அரசியின் வளைகள் விடை கூறுகின்றன. பெரும் பிரமிடைக் கட்டிய கூஃபுவின் தாய் ஹெட்டெபெரெஸ். கிசாவில் உள்ள அவர்தம் கல்லறை 1925இல் கண்டறியப்பட்டது. நீலக்கல், பச்சைநீலக்கல், செம்மணிக்கல் ஆகியவற்றால் பட்டாம்பூச்சி வடிவம் பதித்த வெள்ளி வளைகள் அதில் இருந்தன. ஏறத்தாழ 4,600 ஆண்டுகள் பழைமையான அவ்வளைகளுள் பாஸ்டன் அருங்காட்சியகத்தில் உள்ளவற்றை ஆராய்ந்து, 2023இல் முடிவு வெளியிட்டனர்.

வெள்ளியில் சிறிதளவு ஈயம் கலந்திருக்கும். ஈயத்தில் எடை வேறுபட்ட அணுவகைகள் நான்கு உண்டு. அவற்றின் விகிதம் கனிமம் தோன்றிய இடத்துக்கு இடம் வேறுபடும். உலையில் உருக்கினாலும் மாறாது. எனவே அவ்விகிதம், உலோகத்தின் பிறப்பிடத்தைக் காட்டும் கைரேகை போன்றது. ஹெட்டெபெரெசின் வளைகளில் இருந்த ஈயம், கிரேக்க நாட்டைச் சார்ந்த சைக்லடிஸ் தீவுகளின் கனிமத்தோடு பெரிதும் ஒத்திருந்தது. பிரமிடுகள் எழுந்த காலத்திலேயே, கடல் கடந்த வணிகத் தொடர்பு எகிப்துக்கு இருந்தமையை இது உணர்த்துகிறது.

வெளிநாட்டு வெள்ளி குவிந்திருந்த மற்றோரிடம் டோட் என்னும் ஊர்க் கோவில். அங்கே 1936இல், இரண்டாம் அமெனெம்ஹத் மன்னனின் பெயர் பொறித்த நான்கு செப்புப் பெட்டிகள் கிடைத்தன. அவற்றுள் நூற்றுக்கும் மேற்பட்ட வெள்ளிக் கிண்ணங்கள் மடித்தும் நசுக்கியும் வைக்கப்பட்டிருந்தன. அழகிய கலங்களாக அன்றி, எடைபோடும் உலோகமாகவே அவை கருதப்பட்டன போலும். பின்னாளில், பொ.ஆ.மு. 1000ஐ ஒட்டி ஆண்ட முதலாம் சூசென்னஸ், வெள்ளியால் செய்த பிணப்பேழையில் அடக்கம் செய்யப்பட்டான். தானிஸ் நகரில் இருந்த அதனை, பியர் மோந்தே என்னும் பிரெஞ்சு அறிஞர் 1940இல் கண்டறிந்தார்.

வானத்து இரும்பு

இன்று மலிவாகக் கிடைக்கும் இரும்பும் அன்று விலையுயர்ந்த உலோகமே. எகிப்தில் கெர்சே என்னுமிடத்தில் பொன்மணிகளோடு சேர்த்துக் கோக்கப்பட்ட இரும்பு மணிகள் கிடைத்தன. அவற்றின் காலம் ஏறத்தாழ பொ.ஆ.மு. 3200. கனிமத்திலிருந்து இரும்பை உருக்கியெடுக்கும் கலை பரவுவதற்கு மிகவும் முற்பட்டவை அவை. வானிலிருந்து விழுந்த விண்கல்லைத் தட்டி அம்மணிகளைச் செய்தனர் என்று 2013இல் உறுதி செய்யப்பட்டது.

துட்டன்காமனின் உடலோடு இருந்த இரும்புக் குறுவாளும் அத்தகையதே. அதில் நிக்கல் ஏறத்தாழ நூற்றுக்கு 11 பங்கு இருப்பதை 2016இல் ஊடுகதிர் ஆய்வு காட்டியது. விண்கல் இரும்புக்கே அத்தன்மை உரியது. எகிப்தியர் பிற்காலத்தில் இரும்பை ‘வானத்து இரும்பு’ என்று பொருள்படும் தொடரால் அழைத்தனர். அப்பெயர் வெறும் கற்பனையன்று என்பதை அறிவியல் மெய்ப்பித்தது.

உலையில் வெளிப்பட்ட உண்மை

எகிப்தின் பொன்வளம் அண்டை நாட்டு அரசர்களின் ஏக்கமாகவும் இருந்தது. 1887இல் அமர்னா என்னுமிடத்தில் களிமண் பலகைகளில் எழுதிய அரசியல் மடல்கள் கிடைத்தன. எகிப்தில் பொன் புழுதியைப்போல் மலிந்து கிடக்கிறது என்று மித்தானி நாட்டு மன்னன் துஷ்ரத்தா அவற்றுள் ஒன்றில் குறிப்பிட்டுத் தனக்கும் மிகுதியாக அனுப்புமாறு வேண்டினான்.

பாபிலோனிய மன்னன் பர்னாபுரியாஷ் எழுதிய மடலில் வேண்டுகோளுக்கு மாறாக முறையீடு உள்ளது. எகிப்திலிருந்து வந்த 20 மினாப் பொன்னை உலையில் இட்டபோது, 5 மினாவும் தேறவில்லை என்பதே அம்முறையீடு. பொன்னின் மேனி மினுக்கைக் கண்டு நம்பாமல், தீயிலிட்டுச் சோதித்து அதன் மாற்றை அறியும் வழக்கம் மூவாயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே அரசவைகளில் இருந்தது. அரசர்கள் ஒருவரையொருவர் உடன்பிறந்தார் என்று விளித்து எழுதினாலும், பொன் வந்ததும் முதலில் உலையைத்தான் மூட்டினர்.

மீண்டும் உலைக்குச் சென்ற பொன்

மலையில் பிறந்து கல்லறையில் அடங்கிய பொன் அங்கேயே தங்கிவிடவில்லை. ஒன்பதாம் ராம்சேஸ் ஆட்சிக்காலத்தில், பொ.ஆ.மு. 12ஆம் நூற்றாண்டின் இறுதியில், கல்தச்சன் ஒருவனும் அவன் கூட்டாளிகளும் அரசன் சோபெக்எம்சாஃபின் கல்லறையைக் கொள்ளையிட்டுப் பிடிபட்டனர். அவர்கள் அளித்த வாக்குமூலம் பாப்பிரஸ் தாளில் எழுதப்பட்டு இன்றும் உள்ளது. அதன்படி, அவர்கள் எடுத்த பொன் 160 டெபென், அதாவது ஏறத்தாழ 14.5 கிலோகிராம். எண்மரும் ஆளுக்கு 20 டெபெனாகப் பங்கிட்டுக்கொண்டனர்.

அவ்வாறு களவாடிய பொன் உருக்கப்பட்டது, வேறு பொன்னோடு கலந்தது, புதிய அணியாயிற்று. அரசர்களும் பழைய பொன்னை உருக்கிப் புதியன செய்தனர். கோப்டோஸ் பொன்னும் கூஷ் பொன்னும் ஒரே மூசையில் உருகியபின், எது எந்த மலையினது என்று பிரித்தறிதல் அரிது. பொன்பொருளின் பிறப்பிடத்தைக் கலவையை மட்டும் கொண்டு உறுதியாகக் கூற ஆய்வாளர் தயங்குவதற்கு இதுவே காரணம். சான்று எவ்வளவு சொல்கிறதோ அவ்வளவே சொல்லுதல் ஆய்வு நெறி.

பாலைவழியின் பிற்காலம்

பொன் தேடிச் சென்ற பாலைவழிகள், பின்னர்க் கடல்வணிக வழிகளாயின. உரோமர் காலத்தில் கோப்டோஸ் நகரிலிருந்து ஒட்டகங்கள் செங்கடல் துறைமுகங்களுக்குச் சரக்கேற்றிச் சென்றன. அங்கிருந்து மரக்கலங்கள் தமிழகத்தின் முசிறிக்கும் வந்தன. குசைர் அல்-கதீம், பெரெனிகே ஆகிய செங்கடல் துறைமுகங்களில் தமிழி எழுத்துப் பொறித்த பானை ஓடுகள் கிடைத்திருப்பது இதற்குச் சான்று. மிளகை ஏற்றிவந்த கலங்கள் திரும்புகையில் பொன்காசும் வெள்ளிக்காசும் கொணர்ந்தன. அமென்நாக்த் வரைந்த வழியின் ஒரு முனையில் ஒருகாலத்தில் பொன் சுமந்த கழுதைகள் நடந்தன. மறுகாலத்தில் தமிழரின் மிளகு சென்றது.

பொன் அழிவதில்லை என்று எகிப்தியர் நம்பியது உண்மையாயிற்று. மன்னர்களின் உடல்கள் உலர்ந்தன. அவர்தம் அரசுகள் மறைந்தன. முகமூடியின் ஒளி மங்கவில்லை. எனினும், அவ்வொளியில் முழுமையாகத் தெரிபவன் அரசன் மட்டுமே. குபான் வழியில் தாகத்தால் விழுந்தவரும், குறுகிய பொந்தில் ஊர்ந்த சிறுவரும், கல்லை மாவாக அரைத்த முதியோரும் அதில் தெரிவதில்லை. பொன்னில் கலந்த வெள்ளியின் அளவை நுண்கருவி கண்டறியும். அதில் கலந்த உழைப்பின் அளவைக் காண, சான்றுகளை ஊன்றிப் படிக்கும் மனிதக் கண்ணே வேண்டும்.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் பகுதியில் உள்ள பொற்கொல்லரைச் சந்தித்து, மாற்று, உரைகல், மூசை, ஊதுகுழல், துருத்தி முதலிய தொழிற்சொற்களைத் திரட்டி, அவற்றின் பொருளை எழுதி வகுப்பில் படித்துக் காட்டுக.

2. ‘குபான் நடுகல்லைப் பொறித்தவர் மன்னனின் புகழை எழுதினார், படிப்பவர் தொழிலாளரின் துயரை அறிகிறார்’ - இக்கூற்றைப் பற்றிக் குழுவாகக் கலந்துரையாடுக.

மதிப்பீடு

குறுவினா

1. வெள்ளியைக் குறிக்கும் எகிப்தியச் சொல்லின் பொருள் யாது?
2. எலக்ட்ரம் என்பது எதனைக் குறிக்கும்?

சிறுவினா

1. பொன்னின் மேற்பரப்பில் காணப்படும் வெண்ணிறக் கடும்புள்ளிகள் உணர்த்தும் செய்தி யாது?
2. ஹெட்டெபெரெஸ் அரசியின் வளைகள் கடல்வணிகத்திற்குச் சான்றாவது எங்ஙனம்?

நெடுவினா

1. மலைப்பாறையிலிருந்து பொன் பிரித்தெடுக்கப்பட்ட முறையையும் அதில் ஈடுபட்டோரின் நிலையையும் பாடப்பகுதி கொண்டு விவரிக்க.
2. ஒரு பொருளின் உலோகக் கலவை வரலாற்றுச் சான்றாக விளங்கும் வகையையும், அச்சான்றின் எல்லையையும் எடுத்துக்காட்டுகளுடன் கட்டுரையாக்குக.